தடகளத் தடங்கள் – 17: கழகம் கைகழுவிய வீராங்கனை

சென்ற வாரம் நியூயார்க் போலீஸ்காரர் மார்ட்டின் ஷெரிடனின் கதையை முடித்தோம். அயர்லாந்தில் பிறந்து, பிழைப்புக்காக அமெரிக்கா போய், 1904இல் செயின்ட் லூயிஸ், 1906இல் ஏதென்ஸ், 1908இல் லண்டன் என்று மூன்று ஊரிலும் வட்டு எறிதலில் முதலிடம் பிடித்தவர். அவருக்கு அடுத்து 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்கா இறக்கிய வட்டெறி வீரர்களில் சிகாகோக்காரர் ஒருவரும் உண்டு. வட்டில் அவருக்குக் கிடைத்தது 22ஆவது இடம். ஜிம் தோர்ப் ஜெயித்த பென்டத்லானில் ஆறாவது இடம். பெயர் ஏவரி பிரண்டேஜ்.

வீரராக மட்டும் இருந்திருந்தால் பிரண்டேஜுக்கு இந்தத் தொடரில் ஒரு வரிக்கு மேல் கிடைத்திருக்காது. ஆனால் வட்டைக் கீழே வைத்த பிறகுதான் அவருடைய உண்மையான ஆட்டம் தொடங்கியது. அதைச் சொல்ல ஜெர்மனிக்குப் போக வேண்டும். அங்கே அவர் ஒருமுறைகூடப் போட்டியில் சந்திக்காத ஒரு பெண்ணிடமிருந்து தொடங்க வேண்டும்.

லில்லி ஹெனோக் 1899 அக்டோபர் 26 அன்று கிழக்குப் பிரஷ்யாவின் கூனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். தத்துவ மேதை இமானுவேல் கான்ட்டின் ஊர். இன்றைக்கு ரஷ்யாவின் கலினின்கிராட். வசதியான யூத வியாபாரக் குடும்பம். லில்லிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா ரோஸ் பின்னர் மறுமணம் செய்துகொண்டார். முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது.

அந்த பெர்லினைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். போரில் தோற்ற நாடு. மன்னர் ஓடிப்போய்விட்டார். பெண்களுக்கு 1918இல்தான் ஓட்டுரிமை வந்திருந்தது. தெருவில் ஒரு பக்கம் துப்பாக்கிச் சண்டை, மறுபக்கம் நடன விடுதி. இந்தக் கலவரத்துக்கு நடுவே பெரிய விளையாட்டுக் கழகங்கள் பெண்களுக்கென்று தடகளப் பிரிவு தொடங்கிக்கொண்டிருந்தன. பெண் ஓடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று டாக்டர்கள் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இதுவும் நடந்தது.

ஜெர்மனியில் விளையாட்டு என்றால் பள்ளிக்கூடமோ கல்லூரியோ இல்லை, கழகம்தான். அங்கே உள்ளூர்க் கழகத்தில் உறுப்பினராகிச் சந்தா கட்ட வேண்டும். பயிற்சி, போட்டி, சாயங்கால அரட்டை, வருஷாந்தர விருந்து, கல்யாண சம்பந்தம் வரைக்கும் எல்லாம் அந்தக் கழகத்துக்குள்ளேதான் நடக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கப்போவது எவ்வளவு பெரிய அடி என்பது இது தெரிந்தால்தான் விளங்கும்.

ஹெனோக் சேர்ந்தது பெர்லினர் ஸ்போர்ட் கிளப், சுருக்கமாக பி.எஸ்.சி. நகரத்தின் பேர்பெற்ற கழகங்களில் ஒன்று. யூதர்கள் நிறையப் பேர் அதில் உறுப்பினர்கள். அவர் அங்கே தொடாத விளையாட்டு குறைவு. ஹாக்கி ஆடினார், ஹேண்ட்பால் ஆடினார். அன்றைய ஹேண்ட்பால் இன்றுபோல உள்ளரங்க ஆட்டம் இல்லை. கால்பந்து மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொரு பேர். இதற்கெல்லாம் நடுவில் வட்டு, குண்டு, நீளம் தாண்டுதல், ஓட்டம்.

வட்டு எறிவதை நம் பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் பார்த்தவர்கள், வலுவான பையன் தூக்கி வீசினால் தூரம் போகும் என்றே நினைப்பார்கள். உண்மையில் வட்டை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. விரல்களின் கடைசிக் கணு மட்டும் விளிம்பில் கொக்கிபோல மாட்டியிருக்கும். உள்ளங்கை மேலே சும்மா படிந்திருக்கும். உடம்பு சுழலும் வேகத்தில் வட்டு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்ப்பதால்தான் அது கையிலேயே நிற்கிறது. இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று. கால் முந்த வேண்டும், அப்புறம் இடுப்பு, அதற்கும் பின்னால்தான் தோளும் கையும். கடைசியில் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டு வட்டு கிளம்பும்போது அது தன்னைத் தானே சுற்ற வேண்டும். அந்தச் சுழற்சி இல்லாவிட்டால் காற்றில் தடுமாறி, மாம்பழம் மாதிரி பொத்தென்று விழும்.

1922 அக்டோபர் 1 அன்று ஹெனோக் எறிந்த தூரம் 24.90 மீட்டர். அப்போது அது உலக சாதனை. 1923 ஜூலை 8 அன்று அதைத் தானே முறியடித்து 26.62 மீட்டருக்குக் கொண்டுபோனார். ஜெர்மன் பணம் கரைந்துகொண்டிருந்த கோடைக்காலம் அது. அந்த மாதக் கடைசியில் ஒரு டாலருக்குப் பத்து லட்சம் மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. காலையில் வாங்கின கூலி சாயங்காலம் ரொட்டிக்குக் காணாது. அப்படிப்பட்ட நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டார்கள், நாடா பிடித்து அளந்தார்கள். எனக்கு இது ஆச்சரியம் தருவதில்லை. நாணயம் நம்ப முடியாமல் போகும்போது மீட்டரையாவது நம்பலாம் அல்லவா.

இங்கே ஒரு சின்னக் கொடுமையையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் வட்டெறிதலின் அதிகாரப்பூர்வ உலக சாதனைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், முதல் வரியில் இருப்பது பாரிஸில் 1923 செப்டம்பர் 23 அன்று 27.39 மீட்டர் எறிந்த பிரெஞ்சுப் பெண் இவோன் டெம்பூரே. ஹெனோக்கின் எறி அதற்கு இரண்டரை மாதம் முந்தையது. பட்டியல் திறப்பதற்குள் சாதனை கைமாறிவிட்டது. அதனால் வட்டெறிதல் உலக சாதனையாளர் வரிசையில் அவர் பெயர் இல்லை. பெண்கள் தடகளத்துக்கென்று தனிச் சம்மேளனமே 1921இல்தான், பாரிஸில் அலிஸ் மிலியாவின் முயற்சியால் உருவாகியிருந்தது. விதிகள் இன்னும் கெட்டிப்படவில்லை. அந்த இடைவெளியில் எறிந்தவர்களின் கதி இதுதான்.

ஜெர்மன் தேசியப் பட்டங்கள் மட்டும் பத்து. குண்டு எறிதலில் 1922 முதல் 1925 வரை நான்கு வருஷம் தொடர்ந்து. வட்டில் 1923, 1924. நீளம் தாண்டுதலில் 1924. நூறு மீட்டர் தொடரோட்டத்தில் 1924 முதல் 1926 வரை. 1925 ஆகஸ்டில் லைப்சிக்கில் குண்டை 11.57 மீட்டருக்குத் தள்ளினார். அதுவும் உலக சாதனை. அடுத்த வருஷம் கொலோன் நகரில் 50.4 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்த தொடரோட்ட அணியில் அவரும் இருந்தார். குண்டு எறிகிறவரே தொடரோட்டத்திலும் ஓடுவது இன்று நடக்காது. அன்றைய பெண்கள் தடகளம் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் லில்லியன் கோப்லாந்தும் இதே ஜாதி. குண்டு, வட்டு, ஈட்டி மூன்றையும் எறிவார், தொடரோட்டமும் ஓடுவார். அவரும் யூதப் பெண். நியூயார்க்கில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர்.

இவ்வளவு வாங்கியவருக்கு ஒலிம்பிக் பதக்கம் எங்கே என்று கேட்பீர்கள். 1920, 1924 இரண்டு ஒலிம்பிக்குக்கும் ஜெர்மனியை அழைக்கவில்லை. போரில் தோற்றதற்கான தண்டனை. அழைத்திருந்தாலும் பயனில்லை. பெண்களுக்கு அப்போது தடகளமே கிடையாது. 1928 ஆம்ஸ்டர்டாமில்தான் முதல்முறையாக ஐந்து போட்டிகள் வைத்தார்கள்: நூறு மீட்டர், எண்ணூறு மீட்டர், தொடரோட்டம், உயரம் தாண்டுதல், வட்டு. ஹெனோக் அதிகம் ஜெயித்த குண்டு எறிதலும் நீளம் தாண்டுதலும் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் வந்தது 1948இல். ஆம்ஸ்டர்டாமில் வட்டுத் தங்கம் போலந்தின் ஹலினா கொனோபாட்ஸ்காவுக்கு, 39.62 மீட்டர். வெள்ளி கோப்லாந்துக்கு. ஜெர்மனியின் மில்லி ராய்ட்டர் நான்காவது. 26 மீட்டர் ஐந்தே வருஷத்தில் 39ஐத் தாண்டிவிட்டது. ஹெனோக்கின் காலம் போய்விட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். அவர் போட்டு வைத்த பாதையில் மற்றவர்கள் ஓடினார்கள் என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

1932 லாஸ் ஏஞ்சலஸில் கோப்லாந்து, சக அமெரிக்க வீராங்கனை ரூத் ஆஸ்பர்ன் முன்னிலையில் இருக்க, தன் கடைசி எறியில் 40.58 மீட்டர் எறிந்து தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால். அதே காலத்தில் பெர்லினில் ஹெனோக்குக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கழக வேலைகளில் முழுமூச்சாக இருந்தார். 1933 ஜனவரியில் பி.எஸ்.சி.யின் பெண்கள் தடகளப் பிரிவுக்கு அவரையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர் ஆனார்.

நாஜிகளும் விளையாட்டும் என்றால் எல்லாரும் 1936 ஆகஸ்டுக்கு ஓடிவிடுகிறார்கள். ஜெஸ்ஸி ஓவன்ஸ், ஹிட்லர் கை குலுக்கினாரா இல்லையா என்ற ஓயாத வழக்கு, நமக்கோ தியான் சந்த், ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கிய ஹாக்கி இறுதி ஆட்டம். அதெல்லாம் நல்ல கதைகள்தான். ஆனால் விஷயம் முடிந்துபோனது 1933 வசந்தத்தில், கழகங்களின் கமிட்டி அறைகளில். ஏப்ரல் தொடக்கத்திலேயே குத்துச்சண்டைச் சங்கம் யூதர்களை விலக்கியது. மிடில்வெயிட் சாம்பியன் எரிக் ஸீலிக் பட்டத்தைப் பறிகொடுத்து நாட்டைவிட்டே தப்பி ஓடினார். முந்தைய வருஷம்தான் டேவிஸ் கோப்பையில் ஃப்ரெட் பெர்ரியைத் தோற்கடித்துக் கொடுத்த டானியல் ப்ரெனுக்கு இனி ஜெர்மன் அணியில் இடமில்லை என்று டென்னிஸ் சங்கம் சொல்லிவிட்டது. நாட்டின் மிகப்பெரிய உடற்பயிற்சி அமைப்பான டாய்ச்சே டூர்னர்ஷாஃப்ட் யூதர்களை விலக்கும் ஆரிய ஷரத்தைத் தன் விதியில் சேர்த்தது. உல்ம் நகரத்து உயரம் தாண்டும் பெண் கிரேட்டல் பெர்க்மானுக்கும் அவருடைய கழகம் கதவைச் சாத்தியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இவற்றில் பலவற்றுக்கு மேலிடத்து உத்தரவு வரவில்லை. புதிய ஆட்சியில் விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பாளராக ஹான்ஸ் ஃபொன் சாமர் உண்ட் ஓஸ்டன் நியமிக்கப்பட்டதே ஏப்ரல் கடைசியில்தான். அதற்குள் கழகங்கள் தாங்களாகவே முந்திக்கொண்டன. அரசாங்கம் கேட்பதற்குள் கொடுத்துவிட்டால் நல்ல பெயர் வாங்கலாம் என்ற கணக்கு. கமிட்டி உறுப்பினர்கள் எல்லாரும் வெறிபிடித்த நாஜிகள் இல்லை. வக்கீல், டாக்டர், கடைக்காரர், மைதானத்தில் ஒன்றாக நின்று பீர் குடித்தவர்கள். மெம்பர் பட்டியலில் சில பெயர்களை அடித்தார்கள், மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

பி.எஸ்.சி.யிலும் அதுதான் நடந்தது. பத்துத் தேசியப் பட்டங்களைக் கழகத்துக்கு வாங்கிக் கொடுத்தவரும், அவர் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று உடன்பிறந்தவர்களும் 1933இல் வெளியேற்றப்பட்டார்கள். சில மாதம் முன்னால் தலைவியாக ஓட்டுப் போட்டவர்கள்தான் வெளியேற்றியதும்.

ஹெனோக் ஓய்ந்துபோய் உட்காரவில்லை. யூத டூர்ன் உண்ட் ஸ்போர்ட் கிளப் 1905 என்ற கழகத்தில் சேர்ந்தார். ஹேண்ட்பால் ஆடினார், பயிற்சி கொடுத்தார். ப்ரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில், ரீக்கெ தெருவில் பெரிய யூதக் கோயிலை ஒட்டி இருந்த யூதத் தொடக்கப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை ஆனார். நம் ஊர் கணக்கில் பி.டி. டீச்சர். மற்ற பள்ளிகளிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைகள் நாளுக்கு நாள் அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

யூதக் கழகங்களை நாஜிகள் ஏன் விட்டு வைத்தார்கள்? இங்கேதான் சிகாகோக்காரர் வருகிறார். 1936 ஒலிம்பிக் பெர்லினுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. யூத வீரர்களுக்கும் வாய்ப்பு உண்டு என்று வெளிநாடுகளுக்குக் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும். ஆகவே யூதர்கள் தனியே விளையாடட்டும், மைதானம் கிடைத்தால் ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அமெரிக்காவில் பெர்லினைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் வலுத்தபோது, 1934 செப்டம்பரில் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் நேரில் பார்த்து வர ஜெர்மனி போனார். தலைவர் யார்? ஸ்டாக்ஹோமில் வட்டு எறிந்து 22ஆவதாக வந்த ஏவரி பிரண்டேஜ். சிகாகோவில் கட்டட கான்ட்ராக்டராகிக் காசு பார்த்துவிட்டு, விளையாட்டு நிர்வாகத்தில் இறங்கியிருந்தார்.

யூத விளையாட்டுத் தலைவர்களை அவர் பெர்லினில் சந்தித்தார். பக்கத்திலேயே நாஜி அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சூழலில் எந்த யூதர் மனம் திறந்து பேசுவார்? சிகாகோவில் தான் இருக்கும் கிளப்பிலும் யூதர்களைச் சேர்ப்பதில்லை என்று பிரண்டேஜ் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. திரும்பி வந்ததும் அவருடைய கமிட்டி அழைப்பை ஏற்றுக்கொண்டது. 1935 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கத்தில், நீதிபதி ஜெரமையா மஹோனி தலைமையில் புறக்கணிப்பு அணி போராடிச் சொற்ப ஓட்டில் தோற்றது. எதிர்ப்பை வெளிப்படையாகப் பேசிய அமெரிக்க ஒலிம்பிக் உறுப்பினர் எர்னஸ்ட் லீ ஜான்கேயைச் சர்வதேசக் கமிட்டி 1936இல் வெளியேற்றியது. காலியான நாற்காலி பிரண்டேஜுக்கு. பிறகு 1952 முதல் இருபது வருஷம் அதன் தலைவர். கடைசி வருஷம் மியூனிக் ஒலிம்பிக். பதினொரு இஸ்ரேலியர்கள் பாலஸ்தீனத் தீவிரவாதிகளால் கொல்லப்பட்ட மறுநாள், மைதானத்தில் நின்று போட்டிகள் தொடரும் என்று அறிவித்தவரும் அவரே. இரண்டு ஜெர்மன் ஒலிம்பிக்கிலும் யூத உயிர்களும் போட்டி அட்டவணையும் எதிரெதிரே நின்றபோது மனிதர் அட்டவணை பக்கம்தான் நின்றார். கொள்கைப்பிடிப்பு என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நடப்பு ஒலிம்பிக் சாம்பியனான லில்லியன் கோப்லாந்து பெர்லினுக்குப் போகவில்லை. 1935இல் டெல் அவிவில் நடந்த, யூதர்களுக்கான மக்கபியா போட்டியில் குண்டு, வட்டு, ஈட்டி மூன்றிலும் தங்கம் வாங்கியிருந்தார். ஆக, ஃபார்ம் போய்விட்டது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. பெர்லின் புறக்கணிப்பை ஆதரித்தார், சொன்னபடியே வீட்டில் இருந்தார். 1936இலேயே லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இளம் குற்றவாளிகளைக் கவனிக்கும் பிரிவில் 1960 வரை இருந்தார்.

கழகம் விலக்கியபின் இங்கிலாந்துக்குப் போய்விட்ட கிரேட்டல் பெர்க்மானை நாஜிகள் மிரட்டி வரவழைத்து ஜெர்மன் பயிற்சி அணியில் சேர்த்துக் காட்டினார்கள். ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம் முன்பு 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்தார். அமெரிக்க அணி 1936 ஜூலை 15 அன்று நியூயார்க்கில் கப்பல் ஏறியது. உனக்கு இடமில்லை என்று பெர்க்மானுக்கு எழுதிய கடிதத்தின் தேதி ஜூலை 16. கப்பல் கிளம்பும்வரை காத்திருந்திருக்கிறார்கள்.

முப்பத்தாறு வயது ஹெனோக்கை அப்படி வரவழைத்துக் காட்டவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. ஒலிம்பிக் முடிந்தது. யூதக் கழகங்களைப் பொம்மையாக வைத்திருக்க வேண்டிய அவசியமும் தீர்ந்தது. யூதர்களுக்கு எதிரான 1938 நவம்பர் கலவரத்தோடு அவையும் மூடப்பட்டன. பள்ளிக்கூடம் மட்டும் மூச்சுப்பிடித்துக்கொண்டிருந்தது. 1942 ஜூன் 30 அன்று ஜெர்மனியில் மிச்சமிருந்த யூதப் பள்ளிகள் அத்தனையையும் அரசு மூடிவிட்டது. சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகளும் இல்லை. ஏராளமான பிள்ளைகள் அதற்குள் ரயிலேற்றப்பட்டிருந்தார்கள்.

1942 செப்டம்பர் 5 அன்று லில்லி ஹெனோக்கையும் அறுபத்தாறு வயது அம்மா ரோஸையும் பெர்லினிலிருந்து லாத்வியாவின் ரீகாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்த மாதத்திலேயே ரீகாவுக்கு வெளியே இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டு, பெருங்குழி ஒன்றில் மற்றவர்களோடு புதைக்கப்பட்டார்கள். லில்லிக்கு அடுத்த மாதம் நாற்பத்து மூன்று வயது முடிந்திருக்கும்.

போருக்குப் பின் ஜெர்மன் விளையாட்டு அவரைப் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை. இன்று ப்ரென்ஸ்லாவர் பெர்க்கில் ஒரு தெருவுக்கு அவர் பெயர். ஆன்ஹால்ட்டர் ரயில் நிலையத்தின் இடிபாட்டுக்குப் பின்னால் உள்ள விளையாட்டு மைதானத்துக்கும் அவர் பெயர்தான். ஷூனபெர்க்கில் அவர் குடியிருந்த வீட்டு வாசலில், 2008இல் பித்தளைத் தகடு பொருத்திய நினைவுக்கல்லைப் பதித்திருக்கிறார்கள். வட்டெறிதல் சாதனைப் பட்டியலில் மட்டும் முதல் வரி இன்னும் 27.39தான்.

1936 பெர்லினுக்குத் திரும்புவோம். ஆண்கள் வட்டெறிதலில் உலக சாதனையாளர், 53.10 மீட்டர் எறிந்திருந்த ஜெர்மானியர் வில்லி ஷ்ரோடர், சொந்த மண்ணிலேயே ஐந்தாவதாக வந்தார். தங்கம் 50.48 மீட்டருக்கு அமெரிக்காவின் கென் கார்ப்பென்டர் வாங்கினார். பெண்கள் பிரிவில் கோப்லாந்து விட்டுப்போன பட்டத்தை மியூனிக்கைச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பெண் முதல் எறியிலேயே, 47.63 மீட்டருக்கு எறிந்து எடுத்துக்கொண்டார். நாஜிப் பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கிஸேலா மவர்மாயர் அவர். கட்சி உறுப்பினர், அந்தக் காரணத்தால் போருக்குப் பின் ஆசிரியை வேலை போய், எறும்புகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, விலங்கியல் சேகரிப்பு நிலையத்தின் நூலகத்தில் வேலை பார்த்தவர். அவர் கதை அடுத்த வாரம்.